அந்த வாய்ஸ் நோட்டை யார் கேட்டார்கள்?

கேள்வி: அக்கா, நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர் அலசூரில்தான். வரப்போகும் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறேன். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. பல வருடமாக பென்ஷன், ரேஷன் கார்டு, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) என்று ஏரியா ஜனங்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறேன். எதிரில் நிற்பவர் பணமும் ஆளும் உள்ளவர். அவர் ஆட்கள் என்னைப் பற்றி மூன்று விஷயம் பரப்புகிறார்கள். இ-காத்தா முகாம் போட்டபோது வீட்டுக்கு ஐயாயிரம் வாங்கினேன் என்று ஒரு வாய்ஸ் நோட்டு சுற்றுகிறது. நான் வாங்கியது 150 ரூபாய்தான். ஸ்கேன், ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். ரசீது தரவில்லை, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்தது, ராஜகால்வாய் (பெரிய மழைநீர்க் கால்வாய்) வேலையை நிறுத்தியவள் நான் என்று ஒரு நோட்டீஸ். கரையோரக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள் என்று மனு கொடுத்தோம். அதனால் வேலை இரண்டு மாதம் நின்றது உண்மை. மூன்றாவது, நான் வெளியூர்க்காரி, என் ஓட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது என்று. எங்கள் பையன்கள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி நாலு பக்க நோட்டீஸ் தயாராக வைத்திருக்கிறார்கள். அவர் மகன் குடித்துவிட்டு ரோட்டில் தகராறு செய்யும் வீடியோவும் கையில் இருக்கிறது, விடலாம் என்கிறார்கள். வீட்டுக்காரர் கேஸ் போடச் சொல்கிறார். அம்மா, “சும்மா இரு, சாமி பாத்துக்கும்” என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாலு பக்க நோட்டீஸை இன்றைக்கு அச்சுக்கு அனுப்ப வேண்டாம். அதை எழுதிய பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்காகக் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நோட்டீஸ் உங்கள் எதிராளியைப் பார்த்துப் பேசுகிறது. அவர் உங்களுக்கு ஓட்டுப் போடப் போவதில்லை. உங்கள் பதிலைக் கேட்க வேண்டியவர், அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டு, ‘இது நெஜமா இருக்குமோ’ என்று அரை மனதோடு இருக்கும் அடுத்த தெரு அம்மா. அவர் எங்கே இருக்கிறார், அவர் காதில் என்ன விழுந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல பெங்களூரில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இந்த நகரத்தில் கடைசியாக மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அப்போது 198 வார்டுகள். அந்தக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு கார்ப்பரேட்டர் (வார்டு கவுன்சிலர்) என்று யாரும் இல்லை. இப்போது பெரிய பெங்களூர் ஆட்சிச் சட்டத்தின்படி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, 369 வார்டுகளாக எல்லை வரைந்திருக்கிறார்கள். இதனால் உங்களுக்கு இரண்டு சிக்கல். கார்ப்பரேட்டர் இல்லாத இத்தனை வருடத்தில் ஏரியாவில் எந்த வேலையை யார் செய்தார், எதை யார் தடுத்தார் என்பதற்குக் கவுன்சில் கூட்டப் பதிவோ தீர்மானமோ கிடையாது. மக்கள் ஞாபகம் ஒன்றுதான் சாட்சி. அதனால் யாரும் எதையும் சொல்லிவிடலாம். அடுத்தது, புது எல்லையில் உங்கள் வார்டோடு சேர்ந்த தெருக்கள் இருக்கும். அங்கே உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. உங்கள் தெருவில் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டவர், ‘போடா, நம்ம பொண்ணைப் பத்தி இப்படிப் பேசறான்’ என்று தள்ளிவிடுவார். புதிதாகச் சேர்ந்த தெருவில் கேட்டவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்த முதல் செய்தியே அதுதான்.

ஆகவே இரண்டு நாள் பதிலே சொல்லாமல் வீடு வீடாகப் போங்கள். நீங்களாக காத்தா பேச்சை எடுக்காதீர்கள். ஓட்டுக் கேளுங்கள், தண்ணீர் வருகிறதா, குப்பை வண்டி வருகிறதா என்று கேளுங்கள். அவர்களாக ‘அந்த ஐயாயிரம் ரூபா விஷயம் என்னம்மா?’ என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கூட வரும் பெண் ஒருவர் தெருவாரியாக எழுதிக்கொள்ளட்டும். எந்தத் தெருவில் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், மூன்றில் எதைக் கேட்டார்கள் என்று. ஒரு தெருவிலும் யாரும் கேட்காத புகாருக்கு நோட்டீஸ் அடித்தால், அதை ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்து வைத்தவர் நீங்களாக ஆகிவிடுவீர்கள். என் கணிப்பு, காத்தா விஷயம் எல்லாத் தெருவிலும் வரும், கால்வாய் கரையோரத்தில் மட்டும் வரும், வெளியூர்ப் பேச்சு உங்கள் முகத்துக்கு நேரே வராது.

காத்தா விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் இதுதான் உங்களைச் சாய்க்கக்கூடியது, ஏனென்றால் இதில் ஒரு சிட்டிகை உண்மை இருக்கிறது. பணம் வாங்கினீர்கள். நூற்று ஐம்பதோ ஐயாயிரமோ, ‘வாங்கினாங்க’ என்ற சொல் பொய்யில்லை. அதனால் உங்கள் பதில், ‘நான் ஐயாயிரம் வாங்கவில்லை’ என்று தொடங்கக்கூடாது. ‘நான் 150 ரூபாய் வாங்கினேன்’ என்று தொடங்க வேண்டும். நீங்களாகச் சொன்னால் அது கணக்கு. எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் அது திருட்டு.

அதைச் சொல்லும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, கொஞ்சம் கசப்பான வேலை. முகாமில் உங்களோடு உட்கார்ந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ‘யார்கிட்டயாவது கூட வாங்கினியா? டீக்குன்னு, ஆட்டோவுக்குன்னு, சீக்கிரம் முடிச்சுத் தரேன்னு?’ என்று கேளுங்கள். எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்த வரை, முழுப் பொய்யாகத் தெரியும் குற்றச்சாட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு வீட்டில் ஐந்நூறு வாங்கிய கதை அடிக்கடி இருக்கும். அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பணத்தை நீங்களே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். கேட்பவர்களிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஒரு பைசா கூட வாங்கலை’ என்று மேடையில் முழங்கிவிட்டு, அடுத்த நாள் ஒரு பாட்டி ஐந்நூறு ரூபாய்க் கதையோடு வந்து நின்றால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

விசாரித்து முடித்த பிறகு வாசலில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எங்கே இடறுகிறதோ அங்கே உங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

“காத்தா முகாம்ல வீட்டுக்கு 150 ரூபா வாங்கினேன்மா. பத்திரம் ஸ்கேன் பண்ண, ஜெராக்ஸ் எடுக்க, ஆன்லைன்ல ஏத்த. யார் குடுத்தாங்க, என்னைக்குக் குடுத்தாங்கன்னு எல்லாம் நோட்டுல இருக்கு. ரசீது குடுத்திருக்கணும், குடுக்கல. அதுக்கு மேல யாராவது வாங்கியிருந்தா என்கிட்ட நேரா சொல்லுங்க, திருப்பிக் குடுத்துட்டுத்தான் ஓட்டுக் கேப்பேன்.”

இதில் ‘ஐயாயிரம்’ என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். 1977-ல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில வாக்கியங்களைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த வாக்கியம், பொய்யாக இருந்தாலும், கூடுதல் உண்மையாகத் தோன்றியது. உங்கள் பையன்கள் எழுதிய நோட்டீஸின் தலைப்பு ‘ஐயாயிரம் வாங்கினாரா?’ என்று இருந்தால், அதைப் படிக்காமல் மடித்து வைப்பவர் மனதில் தங்கப்போவது ‘ஐயாயிரம்’ மட்டும்தான். அதே காரணத்துக்காக, அந்த வாய்ஸ் நோட்டை ‘இது பொய், நம்பாதீர்கள்’ என்று எழுதிக்கூட ஃபார்வர்டு செய்ய வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சோதனை உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருங்கி வருகிறது. 1994-ல் ஜான்சனும் செய்ஃபெர்ட்டும் செய்தது. ஒரு கிடங்கில் தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். அங்கே ஒரு அலமாரியறையில் பெயின்டும் கேஸ் சிலிண்டரும் இருந்ததாக முதலில் ஒரு தகவல். பிறகு, ‘அந்த அறை காலியாகத்தான் இருந்தது’ என்று திருத்தம். திருத்தத்தைப் படித்தவர்கள், அது நன்றாக ஞாபகம் இருந்தபோதும், ஏன் தீ இவ்வளவு பரவியது, ஏன் புகை இப்படி வந்தது என்று கேட்டால், மறுபடி அந்தப் பெயின்டையும் சிலிண்டரையும்தான் காரணமாகச் சொன்னார்கள். வேறு காரணம், அதாவது யாரோ திட்டமிட்டுத் தீ வைத்ததற்கான தடயம், எடுத்துக் கொடுத்த பிறகுதான் பழைய தகவலின் பிடி தளர்ந்தது.

வெறுமனே ‘இல்லை’ என்றால் கேட்பவர் மனதில் ஓர் இடம் காலியாக நிற்கும், பழைய பொய் திரும்பி வந்து அங்கேயே உட்காரும். முகாமில் பணம் கைமாறியதைப் பத்துப் பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அது எதற்கு, எவ்வளவு, எங்கே போனது என்று நீங்கள் சொல்லாத வரை ஐயாயிரம்தான் அதற்கு விளக்கம். அதனால் 150-ஐப் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டுப் பத்திரத்துக்கு எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பையனுக்கு என்ன கொடுத்தீர்கள், மிச்சம் இருந்ததா, இருந்தால் எங்கே போனது. மிச்சத்தில் ஒரு நாள் பிரியாணி வாங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அதன் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். அதில் மற்றவர்கள் பெயர், போன் நம்பர், சொத்து விவரம் இருக்கும். உங்கள் நேர்மையைக் காட்ட அவர்கள் வீட்டு விவரத்தைத் தெருவில் விரிப்பது தப்பு. பணம் கொடுத்தவர் வந்து தன் வரியைப் பார்க்கட்டும், மற்ற வரிகளை அட்டையால் மறைத்துக் காட்டுங்கள். தெருவுக்கு ஒருவர் இருவரிடம் அனுமதி கேளுங்கள்: ‘நீங்க எவ்வளவு குடுத்தீங்கன்னு யாராவது கேட்டா சொல்வீங்களா?’ அப்படிச் சொல்பவர் உங்கள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது, உங்கள் தெருக்காரராகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. முகாமில் காத்தா வாங்கிய ஒரு உருது பேசும் குடும்பம், ஒரு கன்னடக் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம் அவரவர் தெருவில் ‘நாங்க 150தான் குடுத்தோம்’ என்று சொன்னால், உங்கள் நாலு பக்கமும் செய்யாத வேலையை அது செய்யும்.

ராஜகால்வாய் விஷயத்துக்கு வேறு மாதிரி பதில். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள், அது பொய்யில்லை. நீங்கள் மனு கொடுத்தீர்கள், வேலை நின்றது. அது பொதுவாழ்வில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதைப் பற்றிக் கேள்வி கேட்க எதிராளிக்கும் உரிமை உண்டு, வாக்காளருக்கும் உண்டு. ‘ஆமாம், குடுத்தேன். பிள்ளைகுட்டியோட இருக்கறவங்க வாசல்ல திடீர்னு ஜேசிபி வந்து நிக்கக்கூடாதுன்னு குடுத்தேன். இன்னைக்கு அதே நிலைமை வந்தாலும் குடுப்பேன்’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள். மனுவின் நகல், அலுவலக முத்திரையோடு வாங்கிய அக்நாலெட்ஜ்மென்ட், அதில் இருக்கும் தேதி மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. எனவே இன்றே வார்டு என்ஜினியர் ஆபீசுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு தரப்பு விட்டுப்போயிருக்கிறது. கால்வாய் வேலை நின்ற அந்த இரண்டு மாதத்தில், தாழ்வான பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்ததா? வந்திருந்தால் அவர்களுக்கு அந்த நோட்டீஸ் நியாயமாகத்தான் படும். சாக்கடை கலந்த தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றி, நனைந்த அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டவரிடம், ‘நான் ஏழைகளுக்காகத்தான் நிறுத்தினேன்’ என்று சொன்னால் அவர் என்ன ஏழை இல்லையா? அந்த வீடுகளுக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள். கூட்டம் சேர்க்காமல், மாலை போடாமல், நீங்களும் இன்னொருவருமாகப் போய் உட்கார்ந்து அவர்கள் பேசி முடிக்கும் வரை கேளுங்கள். அவர்களுக்கு ஆன நஷ்டத்துக்கு உங்கள் மனுவும் ஒரு காரணம் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓட்டு விழாமல் போகலாம். போனால் போகட்டும். ஜெயித்தால் அவர்களுக்கும் நீங்கள்தான் கார்ப்பரேட்டர்.

மூன்றாவது, வெளியூர்ப் பேச்சு. முதலில் உங்கள் வீட்டைச் சரிபாருங்கள். கல்யாணமான புதிதில் வாணியம்பாடியில் மாமனார் வீட்டு விலாசத்தில் யாராவது உங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்களா? பல பெண்களுக்கு இது தங்களுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. ஒரே ஆள் பெயர் இரண்டு தொகுதியில் இருக்க 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடம் தரவில்லை. அங்கே பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி ஏழாம் நம்பர் படிவம் கொடுத்து, அந்த அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கே உங்கள் பெயர் இருக்கும் பட்டியல் பக்கம் ஒன்றே போதும். யாராவது கேட்டால் காட்டுங்கள், கேட்காதவரிடம் பேச வேண்டாம்.

இதில் உங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருக்கும். ‘தமிழன் இல்லாமல் அலசூர் ஏது, கன்டோன்மென்ட் வந்த காலத்திலிருந்து நாம்தான் இருக்கிறோம்’ என்று பேச நாக்கு துறுதுறுக்கும். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே படை முகாம் அமைத்ததும், அதோடு தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறியதும் உண்மைதான். அதை மேடையில் எடுத்துவிட்டால் உங்கள் தேர்தல் காத்தா, தண்ணீர், சாக்கடையை விட்டு மொழித் தேர்தலாகிவிடும். எதிராளிக்கு வேண்டியதும் அதுதான். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியை வைத்து இந்த நகரம் எப்படி எரிந்தது என்று பார்த்தவர்கள் உங்கள் வார்டில் நிறைய இருப்பார்கள். கடைக்கு ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே பயந்து உட்கார்ந்தவர்களிடம் ஒரு கார்ப்பரேட்டர் சீட்டுக்காக அந்த நெருப்பை ஊத யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் மேடையில் யாராவது அப்படித் தொடங்கினால் நீங்களே மைக்கை வாங்கிவிடுங்கள்.

கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடத்திலேயே, ‘நானு இல்லே ஹுட்டி பெளெதவளு’ (நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்) என்று ஒரே வரி சொல்லி, அடுத்த வாக்கியத்தில் அவர் தெரு விளக்குக்குப் போய்விடுங்கள். அந்தக் கன்னடத்தை நீங்கள் சரளமாகப் பேசுவதே பாதிப் பதில்.

கேஸ் விஷயம். சட்டத்தில் இடம் இருக்கிறது. தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு, ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ ஒன்றை உண்மைபோல் வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 175-வது பிரிவில் குற்றம். மாநகராட்சித் தேர்தலுக்கும் அது பொருந்தும். ஆனால் தண்டனை அபராதம் மட்டும்தான். அவதூறுக்கு அதே சட்டத்தில் 356-வது பிரிவு இருக்கிறது, அதில் இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு, ஆனால் நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்து நடத்த வேண்டும். எதுவும் ஓட்டுப்பதிவுக்குள் முடியாது. அரசியல் சட்டத்தின் 243ZG பிரிவின்படி மாநகராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு வழியாகத்தான் எதிர்க்க முடியும், அதுவும் தேர்தல் முடிந்த பிறகு.

அதனால் இப்போதைக்கு ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். வாய்ஸ் நோட்டு முதலில் வந்த போனை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எந்த குரூப், எந்த நம்பர், எந்தத் தேதி, நேரம் என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோர்ட்டுக்குப் போனால் இப்படிப்பட்ட மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள், அந்தப் போன்காரர் கூட நிற்பாரா என்று இப்போதே பேசி வையுங்கள். வார்டின் தேர்தல் அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து முத்திரை வாங்குங்கள். புகார் காத்தா விஷயத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும். சட்டம் காப்பது உங்கள் சொந்த நடத்தையைத்தான், கால்வாய் மனு பொது நடவடிக்கை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வலுவான புகாரும் நீர்த்துப்போகும்.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கும் இதே சட்டம்தான். ராஜஸ்தானில் 1962 சட்டசபைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் தலைமை வகித்த கூட்டத்தில், வேறொருவர் எதிராளியைத் திருடர்களில் பெரிய திருடன் என்ற பொருள்படும் கவிதை படித்தார். குமாரானந்த் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. கவிதைதானே என்று கோர்ட் விடவில்லை. தலைமை வகித்தவரின் வெற்றியே செல்லாமல் போனது. அது சட்டசபைத் தேர்தலுக்கான சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இருந்தாலும் உங்கள் மேடையில் மைக் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது அந்த வீடியோ. விடாதீர்கள். ‘கடைசி ஆயுதமா வச்சுக்கலாம்’ என்றுகூட வைத்திருக்காதீர்கள், அழித்துவிடச் சொல்லுங்கள். தேர்தலில் நிற்பது அந்தப் பையன் இல்லை. குடித்துவிட்டு ரோட்டில் சத்தம் போட்ட ஒரு பிள்ளையின் முகத்தை வார்டு முழுக்கக் காட்டினால், அவன் படிப்புக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் அது பின்னாலேயே வரும், தேர்தல் முடிந்தும் போகாது. உங்களைப் பற்றிய பொய்க்கு எந்த விதத்திலும் அது பதிலும் ஆகாது. ஓட்டுக் கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான். குடிக்கிற மகனோ தம்பியோ இருக்கிற வீடு உங்கள் வார்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய்மார்கள் அதைப் பார்த்து எதிராளியை வெறுக்க மாட்டார்கள், உங்களைத்தான் பயத்தோடு பார்ப்பார்கள். எதிராளியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் பொதுவில் செய்ததை, உங்கள் கையில் காகிதம் இருப்பதை மட்டும் பேசுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. உங்கள் சொந்தத் தெருவில் சும்மா இருக்கலாம், அங்கே உங்களுக்காக மற்றவர்கள் பேசுவார்கள். புதுத் தெருக்களில் சும்மா இருந்தால், ‘பதில் இல்ல, அதான் வாயத் திறக்கல’ என்று ஆகிவிடும்.

பையன்கள் எழுதிய நாலு பக்கத்தை அரைப் பக்கமாகக் குறையுங்கள். மேலே உங்கள் பெயர், போட்டோ, ஜெயித்தால் முதல் வருடம் செய்யப்போகும் இரண்டு வேலை. அதற்குக் கீழே காத்தா கணக்கு நாலு வரியில், நான் மேலே எழுதின மாதிரி. ராஜகால்வாய் பதில் கரையோரத் தெருக்களுக்குத் தனிச் சீட்டாகப் போகட்டும். வெளியூர்ப் பேச்சு எதிலும் வேண்டாம், எதிராளியின் பெயரும் வேண்டாம். அச்சகத்தின் பெயர், விலாசம், வெளியிடுபவர் பெயர், விலாசம் கட்டாயம் இருக்க வேண்டும். சட்டசபை, நாடாளுமன்றத் தேர்தல்களில் அவை இல்லாத நோட்டீஸுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் தேர்தலிலும் மொட்டை நோட்டீஸ் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஓட்டுக்கு முந்தின ராத்திரிக்கும் தயாராக இருங்கள். அந்த நேரத்தில் வழக்கமாக வரும் வதந்தி, ‘அவங்க வாபஸ் வாங்கிட்டாங்க, ஒத்துப் போயிட்டாங்க’ என்பது. அப்போது நோட்டீஸ் அடிக்க நேரமும் இருக்காது, பிரசாரத்துக்கு அனுமதியும் இருக்காது. ஒவ்வொரு பூத்துக்கும் ஒருவர், அவருக்குக் கீழே தெருவுக்கு ஒருவர் என்று பெயரும் நம்பரும் எழுதிய தாள் இப்போதே இருக்கட்டும். இப்படி ஒரு பேச்சு வந்தால் அவர்கள் உங்களுக்குப் போன் போட்டு உங்கள் குரலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு உங்கள் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. நோட்டீஸின் கன்னடப் பக்கத்தையும் உருதுப் பக்கத்தையும் போனில் மொழிபெயர்த்து அப்படியே அச்சுக்கு விட்டுவிடாதீர்கள். முகாமில் காத்தா வாங்கிய கன்னடக்காரர் ஒருவரையும் உருது பேசும் ஒருவரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கு வரி வரும்போது அவர்கள் நிறுத்தி ஏதாவது கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலை எழுதிச் சேர்த்த பிறகு அச்சகத்துக்குக் கொடுங்கள்.